தெருக்கலைஞர்களின் கைவேலை சேர்ந்த அச்சோவியங்களை வாங்குவது பற்றி

கேள்வி இதுதான். சுவர்களில் ஸ்டென்சில் வைத்துப் படம் வரைகிற ஒரு கலைஞர், தமது படம் ஒன்றை இரண்டு விதமாக வெளியிடுகிறார். ஒன்று, கையொப்பமிட்ட 200 பிரதிகள் கொண்ட ஸ்கிரீன் பிரிண்ட். மற்றொன்று, அதே படத்தில் அவரே கையால் வேலை செய்த 20 பிரதிகள். இவற்றின் விலை மூன்று மடங்கு. இருபதுக்கும் சேர்த்து ஒரே ஒரு புகைப்படத்தைத்தான் விற்பவர் காட்டுகிறார். இதுவரை சாதாரணப் பதிப்புகளை மட்டுமே வாங்கி வந்த ஒருவர், இந்தக் கைவேலைப் பிரதியை வாங்கலாமா, அது அசல்தான் என்று எப்படி உறுதிசெய்துகொள்வது, வாங்கிய பின் எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறார்.

இவ்வகை அச்சோவியங்களைப் பல ஆண்டுகளாக வாங்கியும், சிலவற்றை விற்றும், ஓரிரு முறை ஏமாந்தும் கற்றதை வைத்துப் பதில் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாதாரணப் பதிப்பில் 23ஆம் தாளும் 97ஆம் தாளும் ஒன்றே. எதை வாங்கினாலும் ஒரே படம் கிடைக்கும். அதனால் படத்தைப் பற்றித் தெரிந்துகொண்டால் போதும், தாளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கை பட்ட கணத்தில் இந்த நிலைமை மாறிவிடுகிறது. அச்சோவியங்களைப் பற்றி நாம் பழகிவைத்திருக்கும் கணக்குகள், அதாவது பிரதி எண், ஒப்பிட்டு விலை சொல்வது, புகைப்படத்தை நம்பி வாங்குவது ஆகிய எல்லாமே, குறிப்பிட்ட அந்தத் தாளை வைத்துப் புதிதாகப் போடப்பட வேண்டியவையாகின்றன. கீழே சொல்லப்போகும் அனைத்தும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

தெருக்கலைஞர்கள் ஸ்கிரீன் பிரிண்டை இவ்வளவு விரும்புவதற்கு மலிவு மட்டும் காரணமன்று. அட்டையை வெட்டி அதன் வழியே ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது ஸ்டென்சில். அதே வெட்டுருவை வலைத்துணியில் நிலைக்கச் செய்து, ரப்பர் பட்டையால் மையை இழுத்து இறக்குவது ஸ்கிரீன் பிரிண்ட். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பாரிஸ் சுவர்களில் 1981 முதல் எலி உருவங்களை ஸ்டென்சிலில் பதித்த பிளெக் லெ ரா, 1989இல் மாணவராக இருந்தபோது ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கிய ஷெப்பர்ட் ஃபேரி, லினோலியத்திலும் மரக்கட்டையிலும் செதுக்கி அச்சிட்ட ஆளுயர உருவங்களை நியூயார்க் சுவர்களில் பசை தடவி ஒட்டிய ஸ்வூன் போன்றோரின் வேலையில், ஒரே உருவைப் பல இடங்களில் பெருக்குவது என்பது தொடக்கத்திலேயே இருந்தது. சுரங்க ரயில் நிலையங்களில் சாக்குக்கட்டியால் வரைந்த கீத் ஹேரிங் 1986இல் நியூயார்க்கில் ‘பாப் ஷாப்’ என்ற கடையைத் திறந்தபோது அவரைக் குறை கூறியவர்கள் பலர் உண்டு. ஆனால், பலரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் சுவரிலும் கடையிலும் ஒன்றாகவே இருந்தது. எனவே, இந்த மரபில் அச்சுப் பிரதியை ‘அசல் ஓவியம் வாங்க இயலாதவருக்கான மாற்று’ என்று எண்ணுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. சுவரில் ஸ்ப்ரே அடித்த அதே கை அச்சுத் தாளின் மேலும் ஸ்ப்ரே அடிக்கும்போது, அந்தக் கைவேலை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை.

அச்சில் கைவேலை சேர்ப்பது புதிய வழக்கமுமன்று. ஜப்பானிய மரக்கட்டை அச்சில் 1765ஆம் ஆண்டை ஒட்டிச் சுஸுகி ஹருனொபுவின் காலத்தில் பல வண்ண முறை நிலைபெறும் முன்பு, கறுப்புக் கோடுகளை அச்சிட்டு, தூரிகையால் வண்ணம் தீட்டிய தாள்கள் விற்கப்பட்டன. அச்சால் வண்ணம் தர இயலாததால் அங்கே கை தேவைப்பட்டது. இன்று வேண்டிய வண்ணம் அனைத்தையும் அச்சே தந்துவிடுகிறது. ஒரு பிரதியை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவதற்காகவே கை வருகிறது. ஆகவே, அந்த வேறுபாடு உண்மையில் எவ்வளவு என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

கைவேலை என்ற ஒரே சொல்லுக்குள் மிக வெவ்வேறான காரியங்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஷெப்பர்ட் ஃபேரி ‘எச்.பி.எம்.’ என்று குறிப்பிடும் கையால் தீட்டப்பட்ட பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாள் துண்டுகள், தாமே உருவாக்கிய அலங்கார வடிவங்கள், ஸ்டென்சில், வண்ணப் பூச்சு ஆகியவற்றால் முதலில் ஒவ்வொரு தாளுக்கும் தனியான பின்னணியை உருவாக்கி, அதன் மேல் உருவத்தை அச்சிடுவது இவற்றில் காணப்படும் முறை. இங்கே கைவேலை அச்சுக்கு அடியில் இருக்கிறது. ‘கையால் முடித்தது’ என்று சொல்வதைவிட ‘கையால் தொடங்கியது’ என்று சொல்வதே பொருந்தும். ஒரு முகத்தின் நிழல் விழும் இடத்தில் எந்தச் செய்தித்தாள் துண்டு வர வேண்டும் என்ற முடிவு தாளுக்குத் தாள் மாறுவதால், ஒரே முகம் ஒரு தாளில் அமைதியாகவும் மற்றொன்றில் கலவரமாகவும் தோன்றும். இத்தகைய பிரதிகளைத் தனி ஓவியங்களைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகை, அச்சின் மேல் வருவது. ஸ்ப்ரே, அக்ரிலிக் பூச்சு, நீர்வண்ணம், மை வழிதல், பொன் தகடு, பாஸ்டல், கண்ணாடித் தூள் எனப் பலவும் இதில் உண்டு. விற்பனைக் குறிப்புகளில் ‘வைரத்தூள்’ என்று வருவது பெரும்பாலும் நுணுக்கிய கண்ணாடிதான். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் அதைப் பயன்படுத்தியபோதே, உண்மையான வைரத்தூள் மிக மென்மையாக இருந்து மினுமினுப்புத் தராததால் கண்ணாடித் தூளுக்கு மாறினார். இந்த இரண்டாம் வகையில்தான் தரத்தின் ஏற்றத்தாழ்வு மிக அதிகம். தம் அடையாளத்தை வெளியிடாத பிரிட்டிஷ் தெருக்கலைஞர் பேங்க்ஸி 2002இல் வெளியிட்ட ‘ரூட் காப்பர்’, விற்பனைக்கு வந்த அவரது முதல் அச்சோவியம்; 250 பிரதிகள் கொண்ட அதில் ஒரு சிலவற்றின் பின்னணியில் மட்டும் கையால் ஸ்ப்ரே அடிக்கப்பட்டிருக்கும். வெள்ளைத் தாளில் தனியே நிற்கும் காவலரின் உருவம், பின்னால் ஸ்ப்ரே விழுந்ததும், எவரோ கிறுக்கிவிட்டுப்போன ஒரு சுவரின் முன் நிற்பவராக மாறிவிடுகிறது. சில வினாடிகளில் முடிந்திருக்கக்கூடிய வேலைதான், ஆனால் படத்தின் பொருளையே அது மாற்றுகிறது. இதற்கு மாறாக, ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரே அளவில் மூன்று சொட்டு வண்ணம் தெறித்திருக்கும் பதிப்புகளையும் பார்த்திருக்கிறேன். சொட்டுகளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். படத்தில் எதுவும் குறையவில்லை என்றால் அந்தக் கைவேலைக்கு நீங்கள் தனி விலை தர வேண்டிய காரணம் இல்லை. மிக எளிய இந்தச் சோதனையையே நான் முதலில் செய்கிறேன்.

தாளின் ஓரத்தைக் கையால் கிழிப்பது, தேநீரில் தோய்த்துப் பழுப்பாக்குவது, விளிம்பைத் தீயில் கருக்குவது ஆகியவற்றையும் சிலர் கைவேலைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இவற்றை நான் சேர்ப்பதில்லை. தேநீர்க் கறையும் கருகலும் தாளுக்குக் கெடுதலும்கூட. வண்ணம் மட்டும் மாற்றி அச்சிட்ட சிவப்புப் பதிப்பு, பொன் பதிப்பு போன்றவையும் கைவேலை ஆகா. அவை வேறு மையில் எடுத்த அச்சுகள், அவ்வளவே.

யாருடைய கை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. விற்பனைக் குறிப்பில் ‘கலைஞரால் கையால் தீட்டப்பட்டது’ என்று இருப்பதற்கும் ‘கையால் தீட்டப்பட்டது’ என்று மட்டும் இருப்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. உதவியாளர் செய்த வேலை மட்டமானது என்று நான் சொல்லவில்லை; பெரிய பட்டறைகளில் உதவியாளர் இன்றி எதுவும் நடப்பதில்லை. ஆனால், வாங்குபவர் அதை அறிந்து வாங்க வேண்டும். வெளியீட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, யார் செய்தது, எந்தப் பொருளால் செய்தது, அச்சுக்கு முன்பா பின்பா என்று கேட்டு, பதிலைத் தாளின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நேர்மையான வெளியீட்டாளர் எவரும் இதற்குப் பதில் தரத் தயங்கியதை நான் கண்டதில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். தாளின் கீழே 7/20 என்று இருந்தால், இருபது பிரதிகள் கொண்ட பதிப்பில் அது ஏழாவது எனக் குறிக்கப்பட்டது என்று பொருள். கீழ் எண் உயர்ந்தால் பிரதிகள் மிகுதி. மேல் எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை, ஏனெனில் அச்சிட்ட வரிசையிலேயே எண்ணிடுவது அரிது. இவற்றுக்கு அப்பால், கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் ‘ஏ.பி.’ எனப்படும் கலைஞர் பிரதிகள், அச்சிட்டவருக்கான ‘பி.பி.’ பிரதிகள் ஆகியவையும் உண்டு. கலைஞர் பிரதிகள் பதிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது வழக்கம் என்றாலும் அது சட்டமன்று. பேங்க்ஸியின் பலூன் சிறுமி அச்சோவியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 2004இல் கையொப்பமிட்டவை 150, கையொப்பமில்லாதவை 600, அவற்றுக்கு மேல் பலூனின் நிறம் மாறிய கலைஞர் பிரதிகள் 88. ‘150 பிரதிகள்’ என்று மட்டும் கேட்டவருக்கு, உலகில் அந்தப் படம் 800க்கும் மேற்பட்ட தாள்களில் இருக்கிறது என்பது தோன்றாது. ஆகவே, உங்கள் கேள்வியில் உள்ள படத்துக்கு 20 என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், அதன் 200 பிரதிகள், கலைஞர் பிரதிகள், மரப்பலகையிலோ உலோகத்திலோ எடுத்தவை இருந்தால் அவை, பின்னால் வேறு நிறத்தில் வரவிருப்பவை என எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கைவேலைப் பிரதி அரிது என்று சொல்வதற்குரிய உண்மையான அடிப்படை, அதன் கைவேலை வேறு எந்தத் தாளிலும் இல்லை என்பதுதான்.

அசல்தானா என்ற கேள்விக்கு இரண்டு வழிகளில் விடை தேட வேண்டும்: ஒன்று ஆவணம், மற்றொன்று தாளே தரும் சாட்சியம். ஆவணத்தில் மிகவும் கட்டுப்பாடான முறை பேங்க்ஸியினுடையது. 2008இல் தொடங்கப்பட்ட ‘பெஸ்ட் கன்ட்ரோல்’ என்ற அலுவலகம் மட்டுமே அவரது படைப்புகளுக்குச் சான்றிதழ் தருகிறது. இளவரசி டயானாவின் முகம் அச்சிட்ட போலிப் பத்துப் பவுண்டுத் தாள் ஒன்றைக் கிழித்து, ஒரு பாதியைச் சான்றிதழில் இணைத்து, மறு பாதியைத் தானே வைத்துக்கொள்வது அதன் வழக்கம். இரண்டு கிழிசல்களும் பொருந்தினால்தான் சான்றிதழ் மெய். சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்தவற்றுக்கு அந்த அலுவலகம் சான்று தருவதில்லை. அவரது அச்சோவியங்களை வெளியிட்டுவந்த ‘பிக்சர்ஸ் ஆன் வால்ஸ்’ நிறுவனம் 2017ஆம் ஆண்டின் இறுதியோடு வெளியீட்டை நிறுத்திவிட்டது. ஆயினும், சான்றிதழ் தரும் அமைப்பு தனியே இருப்பதால் அந்தப் பிரதிகளைச் சரிபார்க்க வழி இருக்கிறது.

பிற கலைஞர்களுக்கு இத்தகைய வசதி கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வழக்குகளின் சுமை காரணமாக வார்ஹோலின் படைப்புகளைச் சரிபார்த்துவந்த குழு கலைக்கப்பட்டது. நியூயார்க் ஓவியர் ஜான்-மிஷெல் பாஸ்கியாவுக்கும் கீத் ஹேரிங்குக்கும் இருந்த குழுக்களும் 2012இல் அந்தப் பணியை நிறுத்தின. இவ்வளவு புகழ் பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், இன்று வளர்ந்துவரும் ஒரு கலைஞரின் 20 பிரதிகளுக்குப் பின்னொரு நாளில் சான்று தர எவரும் இருப்பார் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. முதல் விற்பனையின்போது கிடைக்கும் ரசீது, வெளியீட்டாளரின் மின்னஞ்சல், அனுப்பிய உறை, அவர்கள் எடுத்த புகைப்படம் ஆகியவைதான் உங்கள் தாளின் பிறப்புச் சான்று. இங்கேயும் கைவேலைப் பிரதிக்குத் தனி விதி உண்டு. சாதாரணப் பதிப்பில் ‘23/200’ என்று ரசீதில் இருந்தால் போதும். கைவேலைப் பிரதியில் அந்தத் தாளின் புகைப்படமும் சான்றிதழோடு சேர்ந்திருக்க வேண்டும். எண்ணை மட்டும் சொல்லும் சான்றிதழ் எந்தத் தாளோடும் பொருந்திவிடும்.

தாளின் சாட்சியத்தைப் படிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியும் ஒரு கைவிளக்கும் போதும். விளக்கைத் தாளின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய இணையாகப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்யுங்கள். ஸ்கிரீன் பிரிண்டின் மை தாளின் மேல் ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்திருப்பது தெரியும். ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறம் ஏறிய இடத்தில் சிறு படிக்கட்டு போன்ற விளிம்பு இருக்கும். உருப்பெருக்கியில் தட்டையான நிறங்கள் ஒரே சீராக நிறைந்திருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள் பூவிதழ் போலக் கூடியிருந்தால் அது புத்தகம், சுவரொட்டி அடிக்கும் ஆஃப்செட் அச்சு; மிக நுண்ணிய துளிகள் கலந்து நிறத்தை உருவாக்கினால் அது இங்க்ஜெட். ஸ்கிரீன் பிரிண்டிலும் புள்ளிகளால் நிழல் காட்டுவது உண்டு, ஆனால் அங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரே மையின் முழு நிறத்தோடு, தெளிவான விளிம்போடு இருக்கும்.

உண்மையான ஸ்ப்ரேயின் அடையாளம் அதன் ஒழுங்கின்மை. நடுவில் அடர்ந்தும் வெளியே செல்லச் செல்லச் சிதறியும், பெரியதும் சிறியதுமான துளிகள் எந்த வரிசைக்கும் அடங்காமல் விழுந்திருக்கும். சில துளிகள் தாளின் வெள்ளை ஓரம் வரை போயிருக்கும். ஸ்ப்ரேயைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டிருந்தால், தொலைவில் அதேபோலத் தோன்றினாலும், உருப்பெருக்கியில் மென்மையான விளிம்பு வரிசையான புள்ளிகளாக உடைந்துவிடும். ஒருமுறை, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு விற்பனையாளரிடம், கைவேலைப் பதிப்பு என்று சொல்லப்பட்ட ஒரு தாளை நல்ல விலைக்கு வாங்கினேன். இளஞ்சிவப்பு ஸ்ப்ரே மேகம் ஒன்று உருவத்தின் தோளுக்குப் பின்னால் படர்ந்திருந்தது, அழகாகவே இருந்தது. ஓராண்டுக்குப் பின் அதே பதிப்பின் வேறொரு எண்ணை ஒரு நண்பரின் வீட்டில் பார்த்தேன். அதே மேகம், அதே இடத்தில், இடப்பக்கம் தனியே விழுந்த அதே ஒற்றைத் துளியோடு இருந்தது. காற்றில் பறந்துபோய் விழும் ஒரு துளி இரண்டு தாள்களில் ஒரே இடத்தில் விழாது. ஸ்ப்ரேயும் அச்சிடப்பட்டதே, கலைஞரின் கை பட்டது கையொப்பத்தில் மட்டும். அன்று முதல், ஒரே பதிப்பின் குறைந்தது இரண்டு தாள்களின் புகைப்படங்களை அருகருகே வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

கையொப்பம் பென்சிலில் இருப்பது மரபு. பென்சில் கரி வெளிறாது, தாளில் ஊறாது, எழுதிய அழுத்தம் தாளில் பள்ளமாகவும் பதியும். ஆனால், கையொப்பமில்லாத பிரதிகளும் உள்ள பதிப்பில், அவற்றில் ஒன்றின் மேல் பின்னால் எவரோ கையொப்பமிடுவது போலிகளின் மிகப் பழைய உத்தி. கைவேலைக்கும் இதே ஆபத்து உண்டு: சாதாரணப் பிரதி ஒன்றை வாங்கி, அதன் மேல் ஸ்ப்ரே அடித்து, கைவேலைப் பிரதி என்று விற்பது மிக எளிது. அச்சு அசல், தாள் அசல், கையொப்பமும் அசல். கைவேலை மட்டும் போலி. உருப்பெருக்கியால் இதைக் கண்டுபிடிக்க இயலாது. பிரதி எண்ணின் கீழ் எண், அதாவது 200ஆ 20ஆ என்பதும், வெளியீட்டின்போது எடுத்த அந்தத் தாளின் புகைப்படமும்தான் இங்கே காப்பாற்றும். 2018 அக்டோபரில் லண்டன் ஏலக்கூடத்தில் பேங்க்ஸியின் பலூன் சிறுமி ஓவியம் தன் சட்டத்துக்குள் மறைத்திருந்த கருவியால் பாதி துண்டாடப்பட்டு, புதிய பெயரும் சான்றிதழும் பெற்று, 2021இல் 1.8 கோடிப் பவுண்டுக்கும் மேல் மறுபடியும் விலைபோனது. முதல் நிகழ்வின் பரபரப்பில், தமது பலூன் சிறுமி அச்சோவியத்தைத் தாமே கீறிவிட்டு விலை கேட்டவர் பற்றிய செய்தியும் வந்தது. கலைஞர் செய்தால் அது படைப்பின் பகுதி. வேறெவர் செய்தாலும், எவ்வளவு திறமையாகச் செய்தாலும், அது சேதம்.

மறுவிற்பனையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் விற்பதற்காக மட்டும் வாங்குபவருக்கு இந்த வகை ஏற்றதன்று. சாதாரணப் பதிப்பின் ஒரு பிரதி கடந்த மாதம் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து உங்கள் பிரதியின் விலையை ஊகிக்கலாம். கைவேலைப் பிரதிகளில் சென்ற ஆண்டு விற்றது உங்கள் தாளன்று. அதைவிட உங்களுடையது சிறந்ததாகவோ தாழ்ந்ததாகவோ இருக்கக்கூடும். வாங்க முன்வருபவர்களும் குறைவு. நல்ல தாளுக்கு இருவர் போட்டியிட்டால் விலை வியக்கும்படி உயரும், சுமாரான தாள் சாதாரணப் பதிப்பின் விலையருகிலேயே நின்றுவிடும். ஏலத்தில் வாங்கினால், அறிவிக்கப்படும் விலைக்கு மேல் ஏலநிறுவனத்தின் கட்டணம் கால் பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ சேரும் என்பதையும் முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள்.

பாதுகாப்பிலும் சாதாரண அச்சோவியத்துக்கான அறிவுரை பாதிதான் பொருந்தும். அமிலமற்ற அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, நேரடி வெயில் படாத சுவர், ஏறக்குறைய 50 விழுக்காடு ஈரப்பதம், அருங்காட்சியகங்கள் தாள் படைப்புகளுக்குக் கடைப்பிடிக்கும் 50 லக்ஸ் அளவிலான மென்மையான ஒளி ஆகியவை இரண்டுக்கும் பொது. தாளை அட்டையில் முழுதாக ஒட்டிவிடாமல், ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட வேண்டும் என்பதும், சட்டத்துக்குப் பொருந்துவதற்காக ஓரத்தை ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டக் கூடாது என்பதும் அப்படியே.

கைவேலை சேர்ந்ததும் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. தடித்த பூச்சும் பொன் தகடும் உள்ள தாளைக் குழாயில் சுருட்டி அனுப்பினால், தாள் வளையும், பூச்சு வளையாது, விரிசல் விழும். தட்டையாக அனுப்பச் சொல்லி அதற்குரிய கூடுதல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே பூச்சு காய்ந்ததுபோலத் தோன்றிய பின்பும் பல நாட்கள் கரைப்பானை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், உடனே சட்டமிட்டால் கண்ணாடியின் உட்புறத்தில் படலம் கட்டும். படமும் கண்ணாடியும் தொடாதபடி இடைவெளிச் சட்டம் கட்டாயம். பாஸ்டலோ கரியோ கண்ணாடித் தூளோ உள்ள தாளுக்கு அக்ரிலிக் தகட்டைப் போடாதீர்கள். அதில் தேங்கும் நிலைமின்சாரம் துகள்களை இழுத்துவிடும். ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் மஞ்சள் போன்ற நிறங்களை இந்தக் கலைஞர்கள் மிகவும் விரும்புகிறார்கள். அவையே எல்லாவற்றுக்கும் முன்பு வெளிறுகின்றன. அவ்வகைத் தாளை ஆண்டில் சில மாதங்கள் மட்டும் சுவரில் தொங்கவிட்டு, மற்ற நாட்களில் இருட்டான தட்டையான இழுப்பறையில் வைக்கிறேன். சட்டமிடும் முன்பு முன்புறம், பின்புறம், எண், கையொப்பம், பக்கவாட்டு ஒளியில் கைவேலையின் அண்மைத் தோற்றம் என ஐந்தாறு புகைப்படங்கள் எடுத்துவையுங்கள். முன்பு சொன்ன பிறப்புச் சான்றில் அவையும் சேரும்.

இப்போது உங்கள் முன்னே உள்ள முடிவு. இருபது தாள்களுக்கு ஒரே புகைப்படத்தைக் காட்டும் விற்பனையாளரிடம், உங்களுக்கு ஒதுக்கப்படும் எண்ணின் படத்தையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு எண்களின் படங்களையும் கேளுங்கள். வெளியீட்டு நாளின் நெருக்கடியில் தனித்தனியே காட்ட நேரமில்லை என்றால், வந்த தாள் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மறுப்பு வந்தால், 200 பிரதிகளில் ஒன்றை வாங்குங்கள். ஸ்டென்சில் கலைஞர் ஒருவரின் நல்ல ஸ்கிரீன் பிரிண்ட் எந்த விதத்திலும் குறைந்ததன்று, மீதமுள்ள பணமும் கையில் இருக்கும். படங்கள் வந்தால், தாள்கள் ஒன்றிலிருந்து ஒன்று உண்மையில் வேறுபடுகின்றனவா என்று பார்த்து, கைவேலையை விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்ததும் படம் வேறொன்றாகிவிடுகிறது என்றால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, அந்தத் தாளின் படம் இணைந்த ரசீதைக் கேட்டு, மூன்று மடங்கு விலையைத் தாருங்கள்.